ஆறு பவுண்டு டிரம்

(ஆவணப்படத் திறனாய்வு)

அமெரிக்க ஐக்கிய நாட்டின் சிற்றூர்களில் பள்ளிக்கூடக் கால்பந்தாட்டம் என்றால் அது ஒரு திருவிழா. (நாம் ஆடும் கால்பந்து அன்று, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் ஆட்டம் அது.) ஆடுகிறவர்கள் இருபத்திரண்டு பேர்தாம் என்றாலும் பெற்றோர், ஆசிரியர், கடைக்காரர், பழைய மாணவர் என்று ஊரே வந்து மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்துவிடும். இடைவேளையில் ஆட்டக்காரர்கள் வெளியேறியதும், பள்ளியின் பேண்டு வாத்தியக் குழு சீருடை அணிந்து மைதானத்துக்குள் அணிவகுத்து வரும். ஆட்டத்தில் இடம் கிடைக்காத மாணவனுக்கும் மாணவிக்கும் ஊர் முன்னே நிற்க ஓர் இடம் அது.

மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஃபாக்ஸ்பரோ என்னும் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஒரு சிறுவனுக்கு அந்த அணிவகுப்பில் டிரம் வாசிக்க வேண்டும் என்று ஆசை. ஆசையில் தவறில்லை, கணக்குத்தான் இடித்தது. சிறுவனின் எடை சுமார் 50 பவுண்டு, அதாவது 23 கிலோகிராம்கூட இல்லை. தோளில் மாட்டும் டிரம்மும் அதைத் தாங்கும் சட்டமும் ஏறக்குறைய 40 பவுண்டு. ஒரு மூட்டை அரிசியைச் சுமந்துகொண்டு அணிவகுத்து நடக்கும்படி ஐந்து வயதுக் குழந்தையிடம் சொல்வதைப் போன்றது இது. 'உனக்கு இது ஒத்துவராது, தம்பி. ஓரமாக உட்கார்ந்து கேள்' என்று சொல்லியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். குடும்பத்தார் அப்படிச் சொல்லவில்லை. ஒரு பொறியாளருடன் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பல முயற்சிகளுக்குப் பிறகு சுமார் 6 பவுண்டு எடையில் ஒரு டிரம் உருவாயிற்று. சிறுவன் அணிவகுப்பில் நடந்தான்.

அவன் பெயர் சாம் பெர்ன்ஸ். அவனுக்கு இருந்த நோய் புரோஜீரியா. டிரம் கதையை அவனே 2013 அக்டோபரில் ஆற்றிய ஓர் உரையில் உலகுக்குச் சொன்னான். அதே மாதத்தில் அவனைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. 'லைஃப் அக்கார்டிங் டு சாம்', அதாவது 'சாம் கண்ட வாழ்க்கை', என்பது அதன் பெயர். இயக்கியவர்கள் ஷான் ஃபைன், ஆண்ட்ரியா நிக்ஸ் ஃபைன் என்னும் தம்பதியர். சுமார் ஒன்றரை மணி நேரம் ஓடும் இப்படத்தைக் கண்கலங்காமல் பார்ப்பது கடினம். ஆனால் கண் கலங்கிய பிறகு அறிவியல் மாணவன் கேட்க வேண்டிய சில கேள்விகள் உண்டு. அவற்றைக் கேட்பதே இத்திறனாய்வின் நோக்கம்.

நோய் என்ன?

படத்தை எடை போடுவதற்கு முன் நோயை அறிந்துகொள்வோம். 1886-ல் ஜோனதன் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் இதனை முதன்முதலில் விவரித்தார். 1897-ல் ஹேஸ்டிங்ஸ் கில்ஃபோர்டு மேலும் விளக்கினார். இருவர் பெயராலும் இந்நோய் வழங்குகிறது. பிறக்கும்போது குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே இருக்கும். முதலிரண்டு ஆண்டுகளுக்குள் வளர்ச்சி தடைப்படும், முடி உதிரும், தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு கரையும், மூட்டுகள் இறுகும். அறிவு மட்டும் வயதுக்கேற்ற கூர்மையுடன் வளரும். தமனிகள் முதியவர்களுடையவை போல் விறைத்துப்போவதால், பதினான்கு வயதையொட்டி மாரடைப்பாலோ பக்கவாதத்தாலோ மரணம் நேர்வதே வழக்கம். சுமார் 40 லட்சம் பிறப்புகளில் ஒன்றுக்கு இந்நோய் உண்டாகிறது. உலகம் முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒரே காலத்தில் சில நூறு குழந்தைகளே கிடைப்பர்.

காரணம், ஒரே ஓர் எழுத்துப் பிழை. நம் உயிரணுவின் உட்கருவுக்கு உட்புறத்தில் சட்டம் போல் நின்று தாங்கும் புரதம் ஒன்று உண்டு. அதன் பெயர் லாமின் ஏ. முதல் குரோமோசோமிலுள்ள எல்.எம்.என்.ஏ. என்னும் மரபணுவில் இப்புரதத்துக்கான குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. அக்குறிப்பின் 1824-ஆம் எழுத்து 'சி' என்பதற்குப் பதில் 'டி' ஆகிவிடுகிறது. வியப்பு என்னவென்றால், இந்த மாற்றத்தால் சொல்லின் பொருள் மாறுவதில்லை. 'பவளம்' என்று எழுதினாலும் 'பவழம்' என்று எழுதினாலும் பொருள் ஒன்றே அல்லவா? அதுபோலப் பழைய எழுத்தும் புதிய எழுத்தும் கிளைசின் என்ற ஒரே அமினோ அமிலத்தைத்தான் குறிக்கின்றன.

பின் கேடு எங்கிருந்து வருகிறது? மாறிய எழுத்து, 'இங்கே வெட்டுக' என்ற தவறான அடையாளமாகவும் அமைந்துவிடுகிறது. உயிரணுவின் கத்தரி அதை நம்பி 150 எழுத்துகளை வெட்டி எறிகிறது. அதனால் புரதத்தில் 50 அமினோ அமிலங்கள் குறைகின்றன. லாமின் உருவாகும்போது அதை உட்கருச் சுவரண்டை கொண்டு சேர்க்க, ஃபார்னெசில் என்ற கொழுப்பு வால் ஒன்று ஒட்டப்படுகிறது. வேலை முடிந்ததும் அந்த வால் வெட்டப்பட வேண்டும். ஆனால் வெட்டு விழ வேண்டிய இடமே தொலைந்துபோன 50-க்குள் இருக்கிறது! கட்டடம் முடிந்த பிறகும் பிரிக்கப்படாத சாரத்தைப் போல வால் அப்படியே நிற்கிறது, புரதம் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, உட்கரு உருக்குலைகிறது. இந்தக் குறைப் புரதத்துக்குப் புரோஜெரின் என்று பெயர்.

இந்த எழுத்துப் பிழை பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதில்லை; புதிதாக நேர்வது. ஆகவே யார் மீதும் பழி இல்லை. இன்னொரு செய்தி: நோயற்ற நம் உடலிலும் புரோஜெரின் மிகச் சிறு அளவில் உண்டாகிறது என்று பின்னர் கண்டறியப்பட்டது. அரிய நோய் ஒன்றின் ஆராய்ச்சி, எல்லோருக்கும் பொதுவான முதுமையின் வாசலையும் தட்டுகிறது.

இரக்கம் எப்படி அறிவாகிறது?

சாமுக்கு நோய் இன்னதென்று தெரிந்தபோது அவனுக்கு வயது இரண்டுகூட நிரம்பவில்லை. தாய் லெஸ்லி கார்டன், தந்தை ஸ்காட் பெர்ன்ஸ் இருவரும் மருத்துவர்கள். நூல்களைப் புரட்டினார்கள், மருந்து இல்லை. ஆராய்கிறவர்களைத் தேடினார்கள், ஏறக்குறைய எவரும் இல்லை. சில நூறு பேருக்கு வரும் நோய்க்கு எந்த மருந்து நிறுவனம் பணம் போடும்? 1999-ல் அவர்கள் உறவினர், நண்பர்களின் துணையோடு புரோஜீரியா ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். ஊர்க்காரர்கள் ஓட்டப்பந்தயம் நடத்தி நிதி சேர்த்தார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது, சேர்ந்த பணம் எங்கே போயிற்று என்பது. நோயுற்ற குழந்தைகளின் பெயர்ப் பதிவேடு ஒன்று ஏற்பட்டது. அவர்களுடைய தோல், இரத்த உயிரணுக்களை வளர்த்துச் சேமித்து, கேட்கும் ஆய்வாளர்களுக்கு அனுப்பும் உயிரணு வங்கி அமைந்தது. நோய் இதுதானா என்று உறுதிசெய்யும் சோதனை வசதி வந்தது. இவை கைதட்டல் வாங்கும் வேலைகள் அல்ல. அலமாரியும் குளிர்பதனப் பெட்டியும் கணக்குப் புத்தகமும் சேர்ந்த வேலைகள். ஆனால் 2003-ல் பிரான்சிஸ் காலின்ஸ் தலைமையிலான அமெரிக்கக் குழுவும், ஒரு பிரெஞ்சுக் குழுவும் எல்.எம்.என்.ஏ. பிழையைக் கண்டு வெளியிட்டபோது, அந்த வேலைகளின் அருமை விளங்கிற்று. நோயாளிகளின் உயிரணு கையில் இல்லாமல் எந்த மேதையும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

மரபணு தெரிந்ததும் வழி தெரிந்தது. ஃபார்னெசில் வாலை வெட்ட முடியாவிட்டால், அதை ஒட்டாமலே தடுத்தால் என்ன? வாலை ஒட்டும் நொதியைத் தடுக்கும் மருந்து ஏற்கெனவே இருந்தது. லோனாஃபர்னிப் என்ற அம்மருந்து புற்றுநோய்க்காக ஆராயப்பட்டு வந்தது. 2007-ல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில், மார்க் கீரன் என்ற மருத்துவரின் தலைமையில் சோதனை தொடங்கிற்று. 16 நாடுகளிலிருந்து 28 குழந்தைகள் வந்தார்கள். அவர்களுள் சாமும் ஒருவன்.

படத்தின் நிறைகள்

இந்தப் பின்னணியில்தான் படம் நகர்கிறது. பதின்மூன்று வயதையொட்டிய சாமை நாம் சந்திக்கிறோம். அவன் லெகோ கட்டைகளை வைத்து எதையாவது கட்டுகிறான், நண்பர்களோடு சிரிக்கிறான், பாடம் படிக்கிறான். தன்னைப் பார்த்து யாரும் பரிதாபப்பட வேண்டாம், தன் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் போதும் என்று தெளிவாகச் சொல்கிறான். இயக்குநர்கள் இந்த நிபந்தனையைப் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கிறார்கள். நோயாளிக் குழந்தையை மெல்லிய சோக இசையின் நடுவே ஜன்னலோரம் உட்கார வைத்துக் கண்ணீர் பிழியும் உத்தி இங்கே குறைவு.

இரண்டாவது நிறை, அறிவியலை அது உழைப்பாகக் காட்டுவது. திரைப்படங்களில் விஞ்ஞானி என்பவர் நள்ளிரவில் ஒரு குப்பியை உயர்த்திப் பிடித்து 'கண்டுகொண்டேன்!' என்று கூவுபவர். இங்கே லெஸ்லி கார்டன் காகிதங்களோடும் எண்களோடும் மல்லுக்கட்டுகிறார். ஆய்வுக் கட்டுரையை ஒரு சஞ்சிகை ஏற்குமா, மாட்டாதா என்று காத்திருக்கிறார். தாயின் அவசரம் ஒரு பக்கம். ஆய்வாளரின் நிதானம் ஒரு பக்கம். இரண்டும் ஒரே மனத்துக்குள் மோதுவதைப் படம் நேர்மையாகப் பதிந்திருக்கிறது. மகன் உண்ணும் மருந்து பயன் தருகிறதா என்பதை, மகனைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, எண்களைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு எவ்வளவு கொடியது! அறிவியல் முறை என்றால் என்னவென்று மாணவருக்கு விளக்க இதைவிடச் சிறந்த காட்சிகள் கிடைப்பது அரிது.

எண்கள் சொன்னது என்ன?

குறையும் இங்கேதான் தொடங்குகிறது. 2012 செப்டம்பரில் கட்டுரை வெளிவந்தது. படத்தில் அது ஒரு வெற்றித் தருணம். ஆனால் கட்டுரையின் எண்களைப் பாருங்கள். குறைந்தது இரண்டு ஆண்டு மருந்துண்டு மதிப்பிடப்பட்டவர்கள் 25 குழந்தைகள். சோதனையின் முதன்மை அளவுகோல், எடை கூடும் வேகம். அது பாதிக்கு மேல் உயர்ந்தவர்கள் 9 பேர். மாற்றமில்லாதவர்கள் 10 பேர். பாதிக்கு மேல் குறைந்தவர்கள் 6 பேர். தமனிகளின் விறைப்பு, எலும்பின் உறுதி, செவிப்புலன் ஆகியவற்றில் சிலருக்கு முன்னேற்றம் தெரிந்தது. தமனியே இந்நோயில் உயிரை எடுப்பதால், விறைப்பு தளர்ந்தது பெரிய செய்திதான்.

ஆனால் இச்சோதனையில் மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லை. மருந்து இல்லாமலே இவ்வளவு மாற்றம் வந்திருக்குமா என்று கேட்டால், நேரடியாக விடை சொல்ல வழியில்லை. இது ஆய்வாளர்களின் அலட்சியத்தால் நேர்ந்ததன்று. உலகிலேயே கண்டறியப்பட்டுள்ள சில டஜன் குழந்தைகளில் பாதிப் பேருக்கு, சாகும் வயது நெருங்கும்போது, வெறும் மாவு மாத்திரையைக் கொடுக்க எந்த மருத்துவருக்குத்தான் மனம் வரும்? அரிய நோய் ஆராய்ச்சியின் நெஞ்சை அழுத்தும் முடிச்சு இது: அறம் ஒன்றைக் கேட்கிறது, புள்ளியியல் வேறொன்றைக் கேட்கிறது. படம் இந்த முடிச்சைத் தொடுகிறது. ஆனால் அவிழ்த்துக் காட்ட நிற்கவில்லை. பார்வையாளரை 'மருந்து கிடைத்துவிட்டது' என்ற நிம்மதிக்கு விரைவாக அழைத்துச் சென்றுவிடுகிறது. இன்னும் பத்து நிமிடம் இதற்குக் கொடுத்திருந்தால் படம் ஒரு படி உயர்ந்திருக்கும்.

முடிச்சு பின்னர் எப்படி அவிழ்ந்தது தெரியுமா? முன்பே சொன்ன பெயர்ப் பதிவேட்டினால்தான்! 2018-ல் வெளியான ஆய்வில், மருந்துண்ட 27 குழந்தைகளையும், மருந்து பெறாதவர்களுள் வயது முதலியவற்றில் ஒத்த 27 பேரையும் ஒப்பிட்டார்கள். சுமார் இரண்டு ஆண்டுகளில் முதல் குழுவில் இறந்தவர் 1. இரண்டாம் குழுவில் இறந்தவர்கள் 9. 2020 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. நீண்டகாலக் கணக்கில் அம்மருந்து சராசரியாக இரண்டரை ஆண்டு ஆயுளைக் கூட்டுகிறது. குணமாக்குவதில்லை, காலத்தைக் கூட்டுகிறது. யாரோ ஒருவர் சலிப்போடு பதிவேட்டில் நிரப்பிய வரிகள்தாம், கொடுக்க மனம் வராத மாவு மாத்திரையின் இடத்தில் நின்று சாட்சி சொல்லின.

மைதானத்தின் கைதட்டல்

இனி விளையாட்டு அணிகளின் பக்கம் வருவோம். ஃபாக்ஸ்பரோ, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் என்னும் புகழ்பெற்ற தொழில்முறைக் கால்பந்து அணியின் சொந்த ஊர். படத்தைப் பார்த்து நெகிழ்ந்த அணியின் உரிமையாளர் ராபர்ட் கிராஃப்ட், பிறர் தரும் தொகைக்குச் சமமாக 5 லட்சம் டாலர் வரை தாமும் தருவதாக 2013-ல் அறிவித்தார். 2014 ஜனவரி 11 அன்று நடக்கவிருந்த ஆட்டத்துக்குச் சாமைக் கௌரவத் தலைவனாகவும் அழைத்தார்கள். முந்தைய நாள், ஜனவரி 10 அன்று, சாம் காலமானான். அவனுக்கு வயது 17. ஆட்டத்துக்கு முன் மைதானம் அவனுக்காக மௌனம் காத்தது.

ஒரு சிறுவனுக்காக ஓர் அணி நிற்பது அந்நாட்டில் புதிதன்று. ஊருக்குள் ஒரு குழந்தைக்குக் கொடிய நோய் என்றால் பள்ளி அணிகள் ஒரே வண்ணச் சட்டை அணிந்து ஆடும், கைப்பட்டை விற்கும், நுழைவுக் கட்டணத்தைக் குடும்பத்துக்குக் கொடுக்கும். 2008 முதல், டூஷென் தசைநலிவு நோய்க்காகக் கல்லூரி, பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர்கள் ஆண்டில் ஒருநாள் கையில் பட்டை அணிந்து களத்தில் நின்று நிதி திரட்டுகிறார்கள். தசைவலிமையைக் கொண்டாடும் ஆட்டம், தசை உருகும் சிறுவர்களை நினைத்துப் பார்ப்பது பொருத்தமே.

இவற்றை ஏளனம் செய்வது எளிது; நாம் செய்யப்போவதில்லை. ஆனால் படம் எழுப்பாத ஒரு கேள்வியை நாம் எழுப்பியாக வேண்டும். சாம் கெட்டிக்காரன், சிரித்துப் பேசுபவன், பெற்றோர் இருவரும் மருத்துவர்கள், ஊரிலேயே பெரிய மைதானம். அவனைப் போல் பேச வராத குழந்தைக்கு எந்த மைதானம் எழுந்து நிற்கும்? பாஸ்டனுக்கு வந்த மற்றக் குழந்தைகளைப் படத்தில் காண்கிறோம். ஆனால் அவர்கள் திரையின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்கள் ஊர் திரும்பிய பிறகு என்ன ஆயிற்று? பள்ளியில் அவர்களுக்கு யார் டிரம் செய்து கொடுத்தார்கள்? விடை இல்லை. 2009-ல் அறக்கட்டளை, 'மற்ற 150 பேரைத் தேடுவோம்' என்று ஓர் இயக்கத்தைத் தொடங்க நேர்ந்தது. அதுவரை உலகில் கண்டறியப்படாமலே கிடந்த குழந்தைகள் அத்தனை பேர் இருப்பர் என்று மதிப்பிடப்பட்டது. நோயின் பெயர்கூடத் தெரியாத வீட்டில் வளரும் குழந்தைக்குக் கைதட்டல் எட்டாது, பதிவேடுதான் எட்டும்.

கைதட்டலின் வலிமையையும் எல்லையையும் காட்டும் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. 2014-ல் உலகெங்கும் பலர் தலையில் பனிநீரை ஊற்றிக்கொண்டார்களே, நினைவிருக்கிறதா? ஏ.எல்.எஸ். என்னும் நரம்புநோய்க்காக நடந்த அந்த இயக்கத்தைப் பரப்பியவர்களுள் ஒருவர், பாஸ்டன் கல்லூரிப் பேஸ்பால் அணியின் முன்னாள் தலைவர் பீட் ஃப்ரேட்ஸ். அமெரிக்காவிலுள்ள ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அப்பணத்தின் துணையால் நோயோடு தொடர்புடைய ஒரு மரபணு 2016-ல் அறியப்பட்டது. அப்பணத்தின் ஒரு பகுதியால் வளர்ந்த மருந்து ஒன்று 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் பெரிய சோதனையில் அது பயன் தரவில்லை என்று தெரிந்து, 2024-ல் விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. பணம் வீணா? இல்லை. 'இது உதவாது' என்று உறுதியாகத் தெரிவதும் அறிவே. ஆரவாரத்தால் சோதனைக்குப் பணம் தர முடியும். சோதனையின் முடிவை மாற்ற முடியாது.

'பா' படமும் இப்படமும்

புரோஜீரியா என்றதும் நம்மில் பலருக்கு 2009-ல் வந்த 'பா' என்ற இந்திப் படம் நினைவுக்கு வரும். பால்கி இயக்கத்தில், இளையராஜா இசையில், அமிதாப் பச்சன் பன்னிரண்டு வயதுச் சிறுவனாக நடித்தார். அச்சிறுவனும் பள்ளிக்குப் போகிறான். தோழர்களோடு குறும்பு செய்கிறான். நோயுற்றவன் வகுப்பறைக்கு உரியவன் என்று காட்டிய அளவில் அப்படத்தைப் பாராட்டலாம். நம் நாட்டில் இந்நோயின் பெயரைப் பரப்பியதும் அதுவே. ஆனால் அதன் கதையில் நோய், பிரிந்த பெற்றோரைச் சேர்த்து வைக்கும் கருவி. சாமின் படத்தில் நோய் நோயாகவே இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு, பெயர் உண்டு, எதிர்த்து நிற்கும் வழியும் உண்டு. ஒப்பனையை வியந்து வெளியே வருவது ஒரு வகைப் படம். உயிரணுவை எண்ணிக்கொண்டு வெளியே வருவது இன்னொரு வகை. அறிவியல் மாணவருக்கு இரண்டாவதே பயன் தரும்.

படம் முடிந்த பிறகு

படம் நின்ற இடத்தில் ஆராய்ச்சி நிற்கவில்லை. 2021 ஜனவரியில் டேவிட் லியு, பிரான்சிஸ் காலின்ஸ் முதலியோர் ஒரு முடிவை வெளியிட்டார்கள். புரோஜீரியாவை உண்டாக்கும் மனித மரபணுப் பிழையை எலிகளுக்குள் வைத்து, அந்த ஓர் எழுத்தை மட்டும் திருத்தும் மூலக்கூறு எழுதுகோலை ஒரே ஊசியில் செலுத்தினார்கள். எலிகளின் இடைநிலை ஆயுள் 215 நாளிலிருந்து 510 நாளாக உயர்ந்தது. எலிக்கு ஆனது மனிதருக்கும் ஆகும் என்று இன்றே சொல்லிவிட முடியாது. ஆனால் எழுத்துப் பிழையை எழுத்திலேயே திருத்தலாம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைத்திருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. லோனாஃபர்னிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்த நிறுவனம் 2024-ல் திவாலாயிற்று. மருந்து வேறு கைக்கு மாறிற்று. சில நூறு குழந்தைகளின் உயிர் ஒரு நிறுவனத்தின் வரவுசெலவில் தொங்குகிறது என்பது கவலைக்குரியது. நம் நாட்டிலும் 2021-ல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. 2022-ல் குறிப்பிட்ட மருத்துவ மையங்களின் வழியே நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று வரம்பு உயர்த்தப்பட்டது. அதற்கு மேல் வேண்டுவோருக்காகப் பொதுமக்களிடம் நிதி கேட்கும் ஏற்பாடும் அக்கொள்கையில் உண்டு. பொதுமக்களிடம் கேட்பது என்று வந்துவிட்டால், முகம் மனத்தில் நிற்கும் குழந்தைக்கு ஒரு தொகை, நிற்காத குழந்தைக்கு வேறு தொகை என்று ஆகிவிடும் ஆபத்து உடன் வருகிறது. சாமின் படத்தைப் பார்க்கும்போது இதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நம் தீர்ப்பு

'சாம் கண்ட வாழ்க்கை' பார்க்க வேண்டிய படம். ஆசிரியர்கள் மாணவருக்குக் காட்டி, பிறகு அரைமணி நேரம் பேசவும் வேண்டிய படம். ஒப்பீட்டுக் குழு ஏன் வேண்டும், அது ஏன் சில வேளை இயலாது என்று பேசலாம். பொருள் மாறாத ஓர் எழுத்து மாற்றம் எப்படி ஓர் உடலைச் சாய்க்கிறது என்று பேசலாம். படம் விட்டுவிட்ட குழந்தைகளைப் பற்றியும் பேசலாம்.

விளையாட்டு அணியிலுள்ள மாணவர்களுக்குத் தனியே ஒரு சொல். உங்கள் பள்ளியில் நோயுற்ற ஒரு தோழனுக்காக நீங்கள் ஓடி, ஆடி, பணம் சேர்க்கும் நாள் வந்தால், தயங்காமல் செய்யுங்கள். அப்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பணம் எந்த அலமாரிக்கு, எந்தப் பதிவேட்டுக்கு, எந்தச் சோதனைக்குப் போகிறது என்பது ஒன்று. ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில் அத்தோழனுக்கு நம் நடுவில் என்ன வேலை என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை கிடைத்தால் அவனைப் போன்ற மற்றவர்களும் பயன்பெறுவர். இரண்டாம் கேள்விக்கு விடை கிடைத்தால் அவன் பயன்பெறுவான்.

மைதானம் காத்த மௌனம் சில நொடிகளே நீடித்தது. அதைச் சாம் கேட்கவில்லை. ஆறு பவுண்டு டிரம்மை அவனே அடித்தான்.